புளி, நவச்சாரம், தோட்டா உறை

இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைகளுக்கு மழைக்காலத்தில் வேலை குறைவு. படை நடமாட்டம் மந்தமாகும். அந்த மாதங்களில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்துவிட்டு, வானம் வெளுக்கும்வரை காத்திருப்பார்கள். மழை ஓய்ந்தபின் பெட்டிகளைத் திறந்தால் பல தோட்டாக்களின் பித்தளை உறைகள் வெடித்துப் பிளந்திருக்கும். அவற்றை யாரும் சுடவில்லை. கீழே விழவில்லை, நசுங்கவில்லை. துரு அரித்த மாதிரியும் தெரியவில்லை. உறையின் வாய் ரவையை இறுக்கிப் பிடிக்கும் கழுத்துப் பகுதியில்தான் விரிசல்கள் அதிகம். மழைப் பருவத்தோடு சேர்ந்து வந்ததால் ‘பருவ விரிசல்’ என்று பெயர் வைத்தார்கள். காரணம் மட்டும் பல காலம் பிடிபடவில்லை.

1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் உலோகக் கழகத்தின் இதழில் விடையை எழுதினார்கள். குதிரையின் சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அமோனியா வாயு எழும்புகிறது. லாயத்தின் ஈரக்காற்றில் அது கரைந்து பித்தளைமேல் படிகிறது. ஆனால் அமோனியா மட்டும் காரணம் அல்ல. உறையைச் செய்தபோதே உலோகத்துக்குள் ஓர் இழுவிசை சிக்கிக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளே விசை, வெளியே அமோனியா. இரண்டும் சேர்ந்தால்தான் பிளவு. ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்று பெரும்பாலும் ஒன்றும் செய்யாது.

பார்வைக்குப் புத்தம் புதிதாக, தங்கம் போல மின்னிய உறைக்குள் இப்படி ஒரு விசை குடியிருந்தது என்பதுதான் இந்த அத்தியாயத்துக்கு அடிப்படை. ஒருமுறை சுட்ட தோட்டா உறையை மீண்டும் பயன்படுத்தத் தயார் செய்வது பல நாடுகளில் துப்பாக்கி விளையாட்டு வீரர்கள் வீட்டிலேயே செய்யும் வேலை. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே வெடிமருந்துப் பக்கத்தை விட்டுவிடுவோம். அந்தக் காலிப் பித்தளைக் குழாயை மட்டும் கையில் எடுத்துப் பார்ப்போம். அதில் இருக்கும் அறிவியல் நம் அடுப்படியிலும் கும்பகோணத்துப் பட்டறைகளிலும் இருக்கும் அதே அறிவியல்தான்.

தோட்டா உறைக்கு ஏற்ற பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இந்த விகிதத்துக்கு ஒரு காரணம் உண்டு. செம்பில் துத்தநாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் உறுதியும் கூடும், இழுபடும் தன்மையும் கூடும். இரண்டும் ஒருங்கே கூடுவது உலோகங்களில் அபூர்வம். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதுதான் வழக்கமான பேரம். பித்தளையில் 30 சதவீதம் அளவில் இழுபடும் தன்மை உச்சத்தைத் தொடுகிறது. துத்தநாகம் இன்னும் அதிகமாகி 40ஐ நெருங்கினால் வேறொரு படிக அமைப்பு உள்ளே முளைக்கும். அது கடினமானது, குளிர்ந்த நிலையில் வளைய மறுப்பது.

இழுபடும் தன்மை ஏன் இவ்வளவு முக்கியம்? உறை பிறக்கும் விதத்தைப் பார்த்தால் தெரியும். தடித்த பித்தளைத் தகட்டிலிருந்து ஒரு வட்டை வெட்டுகிறார்கள். அதைக் கிண்ணமாக அழுத்துகிறார்கள். கிண்ணத்தை அச்சு வழியே இழுத்து நீட்டுகிறார்கள். கொஞ்சம் நீண்டதும் உலோகம் முரண்டு பிடிக்கும். அப்போது உலையில் சூடுகாட்டி இளக்கி, அமிலத்தில் கழுவி, மறுபடி இழுக்கிறார்கள். இப்படிப் பல சுற்று. கடைசியில் அடிப்பகுதியை ஓங்கி அழுத்திக் கெட்டியாக்குகிறார்கள், வாய்ப்பகுதியைச் சூடுகாட்டி மிருதுவாக்குகிறார்கள். ஒரே துண்டு பித்தளைதான். ஆனால் அடியில் கடினமாகவும் வாயில் இளக்கமாகவும் இருக்கும். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் பழுப்பும் நீலமுமாக ஒரு நிறத்திட்டு தெரிவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது அழுக்கு அல்ல, அந்தக் கடைசிச் சூட்டின் தடம்.

சுடும்போது நடப்பது இன்னும் அழகானது. வெடிமருந்து எரிந்ததும் உள்ளே அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல மூவாயிரம், நாலாயிரம் மடங்குக்கு ஏறுகிறது. உறை பலூன் போல உப்பித் துப்பாக்கி அறையின் எஃகுச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. இடைவெளியே இல்லாததால் வாயு பின்னால் கசியாது, சுடுபவரின் முகம் தப்பிக்கிறது. ரவை குழலைவிட்டுப் போனதும் அழுத்தம் சரிகிறது. உறை மறுபடி சிறிது சுருங்கி எஃகுச் சுவரிலிருந்து விலகி நிற்க வேண்டும். சுருங்காவிட்டால் வெளியே இழுக்க முடியாது.

எவ்வளவு சுருங்கும் என்பதைக் கணக்குப் போட்டுவிடலாம். ஓர் உலோகம் தன் தாங்குவரம்பு வரை விரிந்துவிட்டு எவ்வளவு திரும்பும் என்பது, அதன் தாங்கு தகைவை அதன் விறைப்பால் வகுத்தால் கிடைக்கும். கடினமாக்கிய உறைப்பித்தளையின் தாங்கு தகைவு சுமார் 400 மெகாபாஸ்கல். விறைப்பு எண் 110 ஜிகாபாஸ்கல். வகுத்தால் ஆயிரத்துக்கு மூன்றரைப் பங்கு வரும். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள உறை 0.04 மில்லிமீட்டர் சுருங்கும். தலைமுடியின் தடிமன் அளவுக்குக்கூட இல்லை, ஆனால் அது போதும். மென்எஃகில் இதே கணக்கு ஆயிரத்துக்கு ஒன்றேகாலைத் தாண்டாது. ஏனென்றால் எஃகின் விறைப்பு 200 ஜிகாபாஸ்கல். புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டை போன்ற இடங்களில் தகட்டு வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. தொண்ணூறு பாகைக்கு மடிக்க வேண்டிய தகட்டை ஒன்றிரண்டு பாகை கூடுதலாகவே மடிப்பார்கள், விட்டதும் அது திரும்பி நிமிரும் என்று தெரியும். ‘ஸ்பிரிங் பேக்’ என்று அவர்கள் சொல்லும் அதே குணத்தை நம்பித்தான் துப்பாக்கித் தோட்டாவே இயங்குகிறது.

சுட்ட உறை முழுவதும் பழைய அளவுக்குத் திரும்பாது. துப்பாக்கி அறையின் அளவுக்குச் சற்று உப்பியே நிற்கும். மறுபடி பயன்படுத்த அதை அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். நீண்டுபோன வாயைச் சீவிவிடுகிறார்கள். மீண்டும் சுட்டால் மீண்டும் உப்பும், மீண்டும் அழுத்த வேண்டும். இந்த உப்பலும் அழுத்தலும் உலோகத்தை உள்ளுக்குள் மாற்றிக்கொண்டே போகின்றன.

அந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள 1934ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். ஓரோவன், பொலான்யி, ஜி. ஐ. டெய்லர் ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே கருத்தை அந்த ஆண்டில் வெளியிட்டார்கள். உலோகப் படிகத்தில் அணு வரிசைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. வளைக்கும்போது ஒரு வரிசை முழுவதும் மற்றதன்மேல் ஒரே நேரத்தில் வழுக்க வேண்டும் என்றால், உலோகம் இப்போது இருப்பதைவிடப் பல நூறு மடங்கு உறுதியாக இருந்திருக்க வேண்டும். அடுக்கில் ஆங்காங்கே ஒழுங்கு தப்பிய கோடுகள் இருப்பதால்தான் குறைந்த விசையிலேயே வளைகிறது. பெரிய ஜமக்காளத்தை ஒரே இழுப்பில் நகர்த்துவது கடினம். ஓர் ஓரத்தில் மடிப்பை உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே மறு ஓரத்துக்குக் கொண்டுபோனால் ஜமக்காளம் சுலபமாக நகர்ந்துவிடும். உலோகத்துக்குள் இந்த மடிப்பின் வேலையைச் செய்யும் கோட்டுக்குப் பிறழ்வு என்று பெயர்.

வளைக்க வளைக்கப் பிறழ்வுகள் பெருகுகின்றன. இளக்கிய பித்தளையில் ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டில் சில கோடி பிறழ்வுகள் இருக்கலாம். நன்றாக அடித்து இழுத்த பித்தளையில் அது ஒரு லட்சம் கோடியை எட்டும். இவ்வளவு நெரிசலில் ஒன்று மற்றொன்றின் பாதையை மறிக்கும். நகர முடியாமல் நிற்கும். உலோகம் கடினமாகும், பிறகு முறியும். பித்தளையில் இந்த நெரிசல் செம்பைவிடச் சீக்கிரம் உண்டாகும். அதன் பிறழ்வுகள் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குத் தாவித் தப்பிக்க இயலாதவை. அதே 1934இல் டெய்லரும் குவின்னியும் இன்னொன்றை அளந்தார்கள். உலோகத்தை அடித்து உருமாற்றச் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறிவிடுகிறது, ஆனால் ஒரு சிறு பங்கு உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சுட்டெடுத்த உறை ஆறிப்போய் மேசைமேல் சும்மா கிடப்பது போலத் தோன்றும். உண்மையில் அது தன்மேல் செய்யப்பட்ட வேலையில் ஒரு பங்கைச் சேமித்து வைத்திருக்கிறது.

கும்பகோணத்துக் கன்னார்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. குடத்துக்காகத் தகட்டைத் தட்டிக்கொண்டே வரும்போது ஒரு கட்டத்தில் சுத்தியலுக்குக் கீழே ஓசை மாறும், தகடு கையை எதிர்த்துத் துள்ளும். அதற்குமேல் அடித்தால் விளிம்பு கிழியும். அந்த நேரத்தில் அடியை நிறுத்தி, தகட்டை உலையில் போட்டுச் செம்மை படரும்வரை காய்ச்சுவார்கள். ஆறியதும் அது மறுபடி அடிக்கு இணங்கும். இதற்குப் பின்னால் நடப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். சூட்டில் அணுக்களுக்கு நகரும் வலு வருகிறது. நெரிசலான பழைய படிக மணிகளுக்கு நடுவே பிறழ்வு குறைந்த புது மணிகள் முளைத்து, பழையவற்றை விழுங்கி வளர்கின்றன. நன்றாக அடித்த பித்தளையில் இது 300 பாகை செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலேயே தொடங்கிவிடும். உள்ளே சேமித்திருந்த ஆற்றல்தான் இந்த மறுபிறப்பை முன்னே தள்ளுகிறது. அடிபடாத உலோகத்தைச் சூடுகாட்டினால் இப்படிப் புதுமணிகள் முளைப்பதில்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சரிசெய்துவிடலாம். காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கினால் கடினமாகும் என்று கொல்லன் பட்டறையைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். பித்தளைக்கும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. எஃகில் கார்பன் இருக்கிறது. சடுதியில் குளிர்ந்தால் அது வெளியேற நேரமில்லாமல் படிகத்துக்குள் மாட்டிக்கொண்டு அதை விறைப்பாக்குகிறது. எழுபதுக்கு முப்பது பித்தளையில் அப்படி மாட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. தண்ணீரில் முக்கினாலும் காற்றில் ஆறவிட்டாலும் அது மிருதுவாகவேதான் இருக்கும். உறையின் கழுத்தைச் சூடுகாட்டுபவர்கள் அடிப்பகுதியைத் தண்ணீரில் நிறுத்தி வைப்பதும் கழுத்தைக் கடினமாக்க அல்ல. பித்தளை வெப்பத்தை வேகமாகக் கடத்தும். கழுத்தில் காட்டும் சூடு நொடிகளில் அடிக்கு இறங்கிவிடும். அடி இளகினால் அந்த உறை அடுத்த சுடுதலில் பின்பக்கமாகக் கிழிந்து வாயுவைச் சுடுபவர் முகத்தில் அடிக்கும். கழுத்து சுமார் 400 பாகை தொட வேண்டும், அடி 250ஐத் தாண்டக் கூடாது. விரல் நீளமுள்ள ஒரு பொருளில் இந்த வித்தியாசத்தை நிலைநிறுத்துவதுதான் இந்தக் கைவேலையிலேயே மிகக் கடினமான பகுதி என்பேன்.

சூட்டிலும் இரண்டு வகை உண்டு. லாயத்து மர்மம் இதில்தான் தீர்ந்தது. 250 முதல் 300 பாகை வரையான மிதமான சூட்டில் பித்தளை இளகுவதில்லை, பிறழ்வுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன, கடினமும் குறைவதில்லை. ஆனால் ஒரு பகுதி மற்றொரு பகுதியை இழுத்துக்கொண்டிருக்கும் எஞ்சிய தகைவு மட்டும் தளர்ந்துவிடும். வலுவையும் விடாமல் உள்ளிழுவிசையையும் போக்க இது வழி. தோட்டா ஆலைகள் இந்த மிதச் சூட்டைத் தயாரிப்பு வரிசையில் சேர்த்துக்கொண்டபிறகு பருவ விரிசல் அரிதானது.

அமோனியா எப்படிப் பிளக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். செம்பு அணுவை நான்கு அமோனியா மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்தால் ஆழ்ந்த நீல நிறமுள்ள ஒரு கூட்டு உண்டாகித் தண்ணீரில் கரையும். பள்ளி ஆய்வகத்தில் மயில்துத்தக் கரைசலில் அமோனியாவை ஊற்றியவர்கள் அந்த நீலத்தை மறந்திருக்க மாட்டார்கள். பித்தளையின் மேற்பரப்பில் படிக மணிகள் ஒன்றோடொன்று சந்திக்கும் எல்லைகள் பலவீனமானவை, கரைதல் அங்கே முந்திக்கொள்ளும். சாதாரணமாக அது மேலோட்டமான அரிப்போடு நின்றுவிடும். உள்ளே இழுவிசை இருந்தால் அரித்த இடம் வாயைத் திறக்கும், திறந்த இடத்தில் புது உலோகம் வெளிப்படும், அதையும் அமோனியா கரைக்கும். இப்படி மணிக்கு மணி எல்லையைப் பிடித்துக்கொண்டே விரிசல் உள்ளே போகும். துத்தநாகம் 15 சதவீதத்துக்குக் குறைவான பித்தளையில் இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. இழுபடும் தன்மைக்காக நாம் தேர்ந்த 30 சதவீதம்தான் இந்த நோய்க்கும் இடம் கொடுக்கிறது.

அமோனியா என்றதும் நமக்கு நினைவுக்கு வர வேண்டியது நவச்சாரம். “பாத்திரத்துக்கு ஈயம் பூசறது!” என்று தெருவில் குரல் கொடுத்து வருபவர், பித்தளை அண்டாவைத் துருத்தி அடுப்பின்மேல் கவிழ்த்துக் காயவைத்து, நவச்சாரத் தூளைத் தூவுவார். குபீரென்று வெண்புகை எழும்பும், மூக்கில் நெடி ஏறும். அம்மோனியம் குளோரைடுதான் நவச்சாரம். சூட்டில் அது அமோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. பின்னது பாத்திரத்தின் ஆக்சைடுப் படலத்தைத் தின்று உலோகத்தைத் துப்புரவாக்கும். உடனே வெள்ளீயக் கட்டியைத் தேய்த்துப் பஞ்சால் ஓட்டினால் வெள்ளிப் பளபளப்பு பரவும். பித்தளைமேல் இப்படி அமோனியாவை அள்ளிக் கொட்டியும் அண்டா ஏன் பிளப்பதில்லை? வெள்ளீயம் 232 பாகையில் உருகும், பாத்திரம் அதைவிடச் சூடாக இருக்கும். அந்தச் சூடே தட்டிச் செய்த அண்டாவின் உள்ளிழுவிசையைத் தளர்த்துகிறது. ஈரமும் அங்கே இல்லை, நேரமும் கொஞ்சம்தான். லாயத்தில் இருந்தவை நேர்மாறானவை: குளிர்ந்த உலோகம், மாதக்கணக்கில் ஈரம், தளராத விசை.

இனி துலக்கும் வேலைக்கு வருவோம். சுட்ட உறை கரிபடிந்து கறுத்திருக்கும். அதைத் துலக்க வெளிநாட்டு வீரர்கள் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். இல்லாவிட்டால் சுழலும் டப்பாவில் வால்நட் ஓட்டுத்தூளோ மக்காச்சோளத் தக்கைத்தூளோ போட்டு உருட்டுகிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் குத்துவிளக்குக்குச் செய்ததும் இதேதான். புளியில் டார்டாரிக் அமிலம் நிறைய உண்டு. அது செம்பு ஆக்சைடைக் கரைப்பதோடு நிற்காமல், கரைந்த செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுபடி படியவிடாமலும் தடுக்கிறது. புளியோடு கல்லுப்பையும் சேர்த்துத் தேய்த்தால் உப்பின் குளோரைடு கரைதலை விரைவுபடுத்தும். பாத்திரத்தில் புளிக்கரைசலை வெகுநேரம் விட்டுவிட்டால் சில இடங்களில் செம்புச் சிவப்பு தெரியுமே, அதற்கும் காரணம் உண்டு. செம்பைவிடத் துத்தநாகம் அமிலத்துக்குச் சுலபமாக இணங்கும். அது முதலில் கரைந்து போக, செம்பு மேலே நிற்கிறது. புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றே இந்த வேலையை மெதுவாகச் செய்துவிடும்.

கடையில் கிடைக்கும் பித்தளை மெருகுத் திரவங்கள் சிலவற்றில் அமோனியா உண்டு. ஆக்சைடைக் கரைப்பதில் அது கெட்டிக்காரன், நொடியில் மின்னும். அனுபவமுள்ளவர்கள் அதைத் தோட்டா உறையின் பக்கமே கொண்டுவர மாட்டார்கள். அச்சில் அழுத்தி உள்ளிழுவிசை ஏற்றிய உறைமேல் அமோனியாவைப் பூசுவது குதிரை லாயத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதற்குச் சமம். பூஜையறை விளக்கு கனமான வார்ப்பு, அதனுள்ளே அப்படிப்பட்ட விசை குறைவு, ஆகவே தாங்கிக்கொள்ளும். இரண்டும் பித்தளைதான், இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். உலோகத்தின் உறுதியைப் பற்றிப் பளபளப்பு ஒன்றும் சொல்வதில்லை. எவ்வளவு அடித்தோம், எவ்வளவு சூடு காட்டினோம், எதன் பக்கத்தில் வைத்தோம் என்ற வரலாறுதான் சொல்கிறது.

பாதரசமும் இந்த வரலாற்றில் வருகிறது. பழைய தோட்டாக்களின் எரியூட்டியில் பாதரசச் சேர்மம் இருந்தது. சுட்டதும் வெளிப்பட்ட பாதரசம் பித்தளையின் மணி எல்லைகளுக்குள் ஊடுருவி அதை நொறுங்கும்படி ஆக்கியது. அப்படிப்பட்ட உறையை எப்படித் துலக்கினாலும் மறுமுறைக்கு ஆகாது. இதே குணத்தை உலோக ஆய்வாளர்கள் சோதனையாக்கிக் கொண்டார்கள். பித்தளைப் பொருளைப் பாதரச நைட்ரேட் கரைசலில் முக்குவார்கள். எஞ்சிய தகைவு ஒளிந்திருந்தால் கண்முன்னே விரிசல் விடும்.

பின்னர் வந்த எரியூட்டிகளில் பாதரசத்துக்குப் பதில் காரீயச் சேர்மம் இடம்பிடித்தது. அது உறையைக் கெடுக்காது, மனிதரைக் கெடுக்கும். சுட்ட உறையின் கரியில் காரீயத் துகள் இருக்கிறது. உலர்ந்த தூளில் போட்டு உருட்டும்போது அது புழுதியாக எழும்பி மூச்சோடு போகும், கையில் ஒட்டிச் சோற்றோடு போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் மிகச் சிறு அளவிலேயே பாதிக்கும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. வீட்டு அறையில், சமையல் மேசையில் இந்த வேலையைச் செய்யும் வெளிநாட்டுப் பழக்கத்தை நான் சிறிதும் ஏற்கமாட்டேன். நம் ஊர்களிலும் துப்பாக்கிச் சுடுதளம் அருகே உறைகளைப் பொறுக்கி விளையாடும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டும்.

காலி உறையைத் திரும்ப எடுப்பது தனிமனிதர் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவிடம் நிற்கிறது, முதல் உலகப் போரில் மாண்ட பிரெஞ்சு இந்திய வீரர்களுக்காக எழுப்பியது. அந்தப் போரில் பிரெஞ்சுப் படை பெரிதும் நம்பியிருந்தது 1897 மாதிரி 75 மில்லிமீட்டர் பீரங்கியை. அதன் குண்டுகளுக்குப் பித்தளை உறை. நிமிடத்துக்குப் பதினைந்து முறைகூடச் சுடக்கூடிய பீரங்கி அது, உறைகள் மலையாகக் குவியும். செம்புக்கும் துத்தநாகத்துக்கும் அலைந்த அந்த நாட்களில் காலி உறைகளைப் பொறுக்கி ஆலைக்கு அனுப்பி, அளவு திருத்தி மறுபடி நிரப்பினார்கள். ஆலைக்குப் போகாமல் தப்பிய சிலவற்றைப் படைவீரர்கள் அகழியில் உட்கார்ந்து தட்டிப் பூச்சாடிகளாக்கினார்கள். ஆணியும் சுத்தியும் கொண்டு அவர்கள் அதில் இலையும் பூவும் பொறிக்க முடிந்தது, அந்தப் பித்தளை அவ்வளவு இணங்கியதால்தான்.

அமோனியாவும் பித்தளையும் போலவே கடலுப்பும் துருவேறா எஃகும். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகும் வழியில் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே உலை அமைப்புகளுக்கான துருவேறா எஃகைக் கடற்காற்றில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. பற்றவைத்த இடத்தில் எஞ்சிய தகைவு, காற்றில் குளோரைடு. லாயத்தில் நடந்த அதே கூட்டு வேறு பெயர்களோடு அங்கே காத்திருக்கிறது. எஞ்சிய தகைவை உடைக்காமலே ஊடுகதிராலும் ஒலியலையாலும் அளப்பதும், இந்த விரிசலைத் தடுப்பதும் அந்த மையம் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஆய்வுகள். தோட்டாவிலிருந்து தொடங்கிய ஓர் அறிவு மின்நிலையத்துக்குக் காவல் நிற்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

சூடுகாட்டினால் கழுத்தின் கடினம் போகும், மிதச் சூட்டில் இழுவிசை போகும், அமிலத்தில் கரி போகும். எதற்கும் போகாத ஒன்று மெலிவு. ஒவ்வொரு முறை சுடும்போதும் உறையின் முன்பகுதி சுவரோடு ஒட்டிக்கொள்ள, அடிப்பகுதி மட்டும் பின்னால் தள்ளப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே, அடிக்குச் சற்று மேலே, சுவர் நீண்டு மெலிகிறது. வெளியே வெளிறிய ஒரு வளையம் தென்படலாம், தென்படாமலும் போகலாம். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுவரோடு இழுத்தால் அந்த இடத்தில் பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அந்த உறையின் காலம் முடிந்தது. போன உலோகத்தை எந்தச் சூடும் திருப்பித் தராது.

பிறகு அது பழைய பித்தளைக் கடைக்குப் போகும். அங்கேயும் எச்சரிக்கை வேண்டும். 2004இல் காசியாபாத் அருகே ஓர் உருக்காலையில் வெளிநாட்டுப் பழைய இரும்போடு வந்த வெடிக்காத குண்டுகள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன்பின் இறக்குமதியாகும் பழைய உலோகத்தில் வெடிபொருள் இல்லை என்று சோதித்துச் சான்று பெறுவது கட்டாயமானது. சுடாத தோட்டா ஒன்று உலைக்குள் போனால் அருகில் நிற்பவருக்கு ஆபத்து.

மூசையில் பித்தளை ஏறக்குறைய 930 பாகையில் உருகும். துத்தநாகம் 907 பாகையிலேயே கொதிக்கும். உருக்கும்போது எழும்பும் வெண்புகை துத்தநாக ஆக்சைடு. அதை மூச்சில் இழுத்த வார்ப்புக்காரருக்கு இரவில் குளிரும் காய்ச்சலும் வரும். போன துத்தநாகத்துக்கு ஈடாகப் புதிதாகக் கொஞ்சம் சேர்ப்பார்கள். உருகிய கணத்தில் பிறழ்வு, தகைவு, அடி, சூடு என்று உறை சுமந்திருந்த வரலாறு முழுவதும் அழிகிறது. நாச்சியார்கோயிலில் காவிரி மணல் அச்சில் குத்துவிளக்கு வார்ப்பவர்களின் மூசையில் பழைய பித்தளைதான் பெரும்பாலும் விழுகிறது. ஒரு தோட்டா உறை விளக்குத் தண்டாக மாற அங்கே எந்தத் தடையும் இல்லை.

எதிர்த்திசையில் அது அவ்வளவு சுலபமில்லை. வார்ப்புக்கு வரும் பித்தளையில் குழாய்ப் பொருத்துகள், பூட்டுகள், பழைய தட்டுமுட்டுகள் எல்லாம் கலந்திருக்கும். காரீயமும் வெள்ளீயமும் இரும்பும் ஒட்டிக்கொண்டு வரும். விளக்குக்கு அது குறையல்ல, காரீயம் கொஞ்சம் இருந்தால் கடைசல் வேலை இன்னும் வழவழப்பாக வரும். தோட்டா உறைக்கான பித்தளையில் காரீயம் 0.07 சதவீதத்தையும் இரும்பு 0.05 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. தாண்டினால், கிண்ணத்தை அச்சில் இழுக்கும்போது சுவர் கிழியும் வாய்ப்பு கூடும். அதனால் உறை செய்யும் ஆலைகள் தூய செம்பையும் தூய துத்தநாகத்தையும், தங்கள் வெட்டுமிச்சத்தையும்தான் பெரும்பாலும் மூசைக்குள் போடுகின்றன.